கெச்சுவாவின் மூலமொழியை மீட்டெடுத்தல்: வன்னி வகுப்பறைக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியில் நான் மாலை வகுப்பு எடுக்கும் கொட்டிலில் ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை வைத்தே இந்தப் பாடத்தை எப்போதும் தொடங்குகிறேன். ஒருவரின் குடும்பம் தலைமுறைகளாக இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறது. மற்றவரின் பாட்டனார் 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து, காடு வெட்டி இங்கே குடியேறியவர். காற்று, நேற்று, பத்து, கத்தி என்ற நான்கு சொற்களையும் வீட்டில் பேசுவது போலச் சொல்லுமாறு கேட்டால், முதலாவது பிள்ளையின் வாயில் முன்னிரண்டும் நுனிநாக்கு பல்லுக்கு மேலே முரசில் ஊன்றும் றகர இரட்டையாகவும், பின்னிரண்டும் நாக்கு பல்லைத் தொடும் தகர இரட்டையாகவும் வருகின்றன. இரண்டாவது பிள்ளையோ காத்து, நேத்து, பத்து, கத்தி என்று நான்கையும் ஒரே ஒலியில் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பிள்ளையின் பேச்சை மட்டும் கேட்ட அந்நியர் ஒருவர், எந்தச் சொல்லில் முன்பு றகரம் இருந்தது என்பதை ஒருகாலும் கண்டுபிடிக்க மாட்டார். முதலாவது பிள்ளையின் பேச்சைக் கேட்டவருக்கோ இரண்டாவது பிள்ளை எப்படிச் சொல்லும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். வேறாக இருந்த இரண்டு ஒலிகள் ஒன்றாகலாம். ஒன்றானவை காரணமின்றி மறுபடி சரியான சொற்களில் மட்டும் பிரிய மாட்டா.

ஆனால் முதலாவது பிள்ளை பெருமைப்பட்டுக்கொள்வதற்குள் வாழையையும், முல்லைத்தீவுக் கடலில் பிடிபடும் வாளை மீனையும் சொல்லச் சொல்வேன். இரண்டும் வாளை என்றே வரும். றகரத்தைக் காத்த அதே வாய் ழகரத்தைத் தொலைத்துவிட்டது. எந்தப் பேச்சும் மூலமொழி அன்று. ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து, வேறொன்றை இழந்திருக்கிறது. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழிக்குடும்பத்தை வகைப்படுத்தி, அதன் மூலமொழியை மீட்டெடுக்க விரும்புபவர் இந்த இரண்டு உண்மைகளையும் மனதில் வைத்துக்கொண்டால், மீதி பெரும்பாலும் கொப்பியும் அடிமட்டமும் பொறுமையும் வேண்டிய வேலைதான்.

கெச்சுவாவை ஒரு மொழி என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது கொலம்பியாவின் தெற்கிலிருந்து எக்குவடோர், பெரு, பொலிவியா வழியாக ஆர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தெரோ வரை பரந்திருக்கும் ஒரு குடும்பம். ஒரு கோடியில் இருப்பவரின் பேச்சு மறுகோடியில் இருப்பவருக்கு விளங்காது. அது இன்காக்களின் தலைநகரான குஸ்கோவில் பிறந்து, அவர்களின் படைகளோடு பரவியது என்பதே நெடுங்காலம் பலரும் நம்பிய கதை. 1963 இல் கேரி பார்க்கரும் 1964 இல் அல்ஃபிரேடோ தொரேரோவும் தனித்தனியே வெளியிட்ட வகைப்பாடுகள் அந்தக் கதையை மாற்றின. நடுப் பெருவின் மலைப்பகுதிப் பேச்சுகள் ஒரு கிளை என்றும், வடக்கே எக்குவடோரிலும் தெற்கே அயகூச்சோ, குஸ்கோ, பொலிவியாவிலும் வழங்குபவை இன்னொரு கிளை என்றும் இருவரும் கண்டார்கள். தொரேரோ அவற்றைக் கெச்சுவா ஒன்று, கெச்சுவா இரண்டு என்று அழைத்தார். குஸ்கோவின் பேச்சு இரண்டாம் கிளையின் ஒரு சிறு கொப்பில்தான் இருக்கிறது. தலைநகரம் தாயன்று, பேத்திகளுள் ஒருத்தி. இந்த முடிவுக்கு அவர்கள் வந்த வழியின் ஒரு பகுதியை நாமே நடந்து பார்க்கலாம்.

முதலில் சொற்கள் வேண்டும். 1975 இல் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவித்ததை அடுத்து, 1976 இல் ஆறு வட்டாரங்களுக்கு ஆறு இலக்கணங்களும் ஆறு அகராதிகளும் வெளியாயின: அன்காஷ், ஹூனின்-வங்கா, அயகூச்சோ, குஸ்கோ, கஹமார்க்கா, சான் மார்த்தின். ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில் செய்யப்பட்டவை என்பதால் தொடங்குபவருக்கு இவற்றை விட வசதியான மூலம் கிடையாது. உடலுறுப்புகள், இலக்கங்கள், கல், நீர், நெருப்பு, உண், வா, இரு போன்ற நாளாந்தச் சொற்களை எடுத்து, கொப்பியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிரல் போட்டுக்கொள்ளுங்கள். நூறு சொற்கள் போதும். ஆயிரம் சொற்களை அரைகுறையாக எழுதுவதிலும் நூற்றை ஒழுங்காக எழுதுவது நல்லது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே எழுத்துமுறைக்கு மாற்றுவது. இதில் நான் ஒருமுறை ஒரு மாதத்தை வீணாக்கினேன். குஸ்கோச் சொற்களை ஐந்து உயிர்கள் கொண்ட எழுத்துமுறையிலும், அயகூச்சோச் சொற்களை மூன்று உயிர்கள் கொண்ட எழுத்துமுறையிலும் எடுத்துவிட்டு, ஓரிடத்து எகரமும் மற்றோரிடத்து இகரமும் ஒத்துவருவதைக் கண்டு ஏதோ பெரிய ஒலிமாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணினேன். கெச்சுவாவில் அடிப்படை உயிர்கள் அ, இ, உ என்ற மூன்றுதான். அடிநாக்கில் பிறக்கும் ககரத்துக்கு அருகில் வரும்போது இகரம் எகரம் போலவும் உகரம் ஒகரம் போலவும் கேட்கும். 1985 இல் பெருவில் மூன்று உயிர் எழுத்துமுறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டபோதிலும், குஸ்கோவில் பலர் ஐந்தையே வலியுறுத்திவருகிறார்கள். ஆகவே நான் கண்டது இரண்டு ஊர்களின் பேச்சு வேறுபாடு அன்று, இரண்டு எழுத்தர்களின் பழக்க வேறுபாடு.

நமது எழுத்தில் கெச்சுவாவை எழுதுவதிலும் சிக்கல் உண்டு. இந்தக் கட்டுரையில் அடிநாக்குக் ககரத்தை 'ஃக' என்றும், சாதாரண ககரத்தை 'க' அல்லது 'க்க' என்றும் எழுதுகிறேன். சகரத்தை எங்கும் 'பச்சை' என்பதில் வரும் வல்லொலியாகவே வாசியுங்கள்; நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் சகரத்தை 'ட்ச' என்று எழுதுகிறேன். ஸ, ஷ, ஹ ஆகியன வழக்கம் போல.

மூன்றாவதாக, நிரலில் இருக்கக் கூடாத சொற்களை வெட்ட வேண்டும். குழந்தை முதலில் பிதற்றும் ஒலிகளால் ஆன மாமா, தாய்த்தா போன்ற சொற்கள் (கெச்சுவாவில் முறையே அம்மா, அப்பா) உலகெங்கும் ஒரே மாதிரி இருப்பதால் அவை எதற்கும் சான்றாக மாட்டா. கடன்சொற்களும் அப்படியே. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன மேசையை, ஸ்பானியரிடம் அதே சொல்லை வாங்கிய கெச்சுவாக்காரர்கள் மிசா என்கிறார்கள். அதைக் கொண்டு வன்னிக்கும் குஸ்கோவுக்கும் உறவு நாட்டுவது எவ்வளவு அபத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தற்செயலும் ஏமாற்றும். கெச்சுவாவில் வீடு வஸி. நமக்கு 'வசி' என்றால் குடியிரு. இதைக் கண்டவுடன் துள்ளிக் குதித்து, இன்காக்கள் தமிழர்கள் என்று எழுதத் தொடங்குபவர்கள் உண்டு. நமது 'வசி' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்பதைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை. அதுபோலவே நாம், நாங்கள் என்று முன்னிலையாரைச் சேர்த்தும் நீக்கியும் சொல்லும் வழக்கம் கெச்சுவாவிலும் இருக்கிறது. சொல்லுக்குப் பின்னே ஒட்டுகளை வரிசையாக அடுக்கும் முறையும், வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் வழக்கமும் இருக்கின்றன. அமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றன்று. ஒலிகள், பொருளொத்த சொற்களில், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப ஒத்துவர வேண்டும்.

அந்த ஒழுங்கை ஒரு சிறு தொகுதியில் பார்ப்போம். முதற்கிளையின் அன்காஷ், இரண்டாம் கிளையின் அயகூச்சோ, எக்குவடோர் என்ற வரிசையில் நிரல்களை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு என்ற இலக்கம் இஷ்கை, இஸ்கை, இஷ்கை. வாய் அல்லது மொழி என்பது ஷிமி, ஸிமி, ஷிமி. இனிச் சோளம்: ஹரா, ஸரா, ஸரா. ஆறு என்ற இலக்கம்: ஹுஃக்தா, ஸுஃக்தா, ஸுக்தா. அயகூச்சோவில் நான்கிலும் ஸகரமே இருக்கிறது. ஆனால் அந்த ஸகரத்துக்கு முதலிரண்டு சொற்களில் மற்ற இரு நிரல்களிலும் ஷகரமும், பின்னிரண்டில் அன்காஷில் ஹகரமும் எக்குவடோரில் ஸகரமும் எதிர்நிற்கின்றன. இது நமது காற்று, பத்து கதையேதான். இரண்டு வெவ்வேறு ஒப்புமை வரிசைகள் இருப்பதால் மூலமொழியில் இரண்டு ஒலிகள் இருந்திருக்க வேண்டும். அயகூச்சோ அவற்றை ஒன்றாக்கிவிட்டது.

அந்த இரண்டு ஒலிகள் எவை? முதல் வரிசைக்கு ஷகரத்தை வைப்பதில் சிரமமில்லை. இரண்டாவதற்கு ஸகரத்தையா ஹகரத்தையா வைப்பது என்ற கேள்விக்கு, பெரும்பான்மை ஸகரம் என்று கைதூக்கி வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுக்கக் கூடாது. இன்னொரு வரிசையையும் தேடிப் பாருங்கள். பெரிய என்பது அன்காஷிலும் அயகூச்சோவிலும் ஹதுன். அதாவது ஹகரத்துக்கு ஹகரமே எதிர்நிற்கும் மூன்றாவது வரிசையும் உண்டு. சோளத்துக்கும் ஆறுக்கும் மூலத்தில் ஹகரத்தை வைத்தால், பெரிய என்பதில் ஏன் அயகூச்சோ ஹகரத்தை ஸகரமாக்கவில்லை என்பதற்கு விடை கிடையாது. ஸகரத்தை வைத்தாலோ அன்காஷில் சொல்முதல் ஸகரம் ஹகரமாகிப் பழைய ஹகரத்தோடு கலந்தது என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உலக மொழிகளிலும் ஸகரம் ஹகரமாவதே பெருவழக்கு, மறுதலை மிக அரிது. இரண்டு உயிர்களுக்கு இடையிலும் அன்காஷில் இந்த ஸகரம் தேய்ந்திருக்கிறது: எட்டு என்பது அயகூச்சோவில் புஸஃக், அன்காஷில் புவஃக். ஒலிகள் இப்படி ஒரு திசையில் நடப்பது நமக்கும் தெரிந்ததே. நமது பாலும் புலியும் கன்னடத்தில் ஹாலும் ஹுலியும் ஆனதுண்டு, ஹகரம் பகரமானது என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே கொப்பியின் கடைசி நிரலில் *ஷிமி, *இஷ்கை, *ஸரா, *ஸுஃக்தா என்று எழுதுங்கள். முன்னே இருக்கும் உடுக்குறி, இது யாரும் கேட்டதன்று, நாம் கணித்தது என்று வாசகருக்குச் சொல்லும் அடையாளம். அதை மறக்கவே கூடாது.

இதைவிட அழகான உதாரணம் பாதமும் காய்ந்ததும். அயகூச்சோவில் இரண்டுமே சக்கி. அன்காஷில் பாதம் சக்கி. காய்ந்தது, நுனிநாக்கில் தகரமும் ஸகரமும் சேர்ந்த த்ஸக்கி. நடுப் பெருவின் மன்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழங்கும் வங்காப் பேச்சில் பாதம் ட்சக்கி, காய்ந்தது சக்கி. அன்காஷும் வங்காவும் ஒலிகளில் ஒத்துவராவிட்டாலும், வேறுபாட்டைக் காப்பதில் ஒத்துவருகின்றன. எனவே மூலமொழியில் பாதம் *ட்சக்கி, காய்ந்தது *சக்கி என்று கொள்கிறார்கள். வங்காவில் அப்படியே நின்றது. அன்காஷில் *ச என்பது த்ஸ ஆகி விலக, *ட்ச அந்த வெற்றிடத்தில் ச ஆகி அமர்ந்தது. தெற்கில் இரண்டும் கலந்தன. அப்படியானால் வங்காதான் மூலமொழியா என்று ஒரு பிள்ளை கேட்கும். 'நீ' என்ற சொல்லைக் கேட்டுப் பார் என்பேன்: அது அயகூச்சோவில் ஃகம், எக்குவடோரில் கன், வங்காவில் வெறும் அம். கை என்பதோ எல்லா இடத்திலும் மக்கி. அடிநாக்குக் ககரத்தை வங்கா தொண்டையடைப்பாக்கித் தேய்த்துவிட்டது. எக்குவடோர் அதைச் சாதாரண ககரத்தோடு கலந்துவிட்டது. வங்காக்காரரும் நமது றகரப் பிள்ளையைப் போல ஒன்றைக் காத்து ஒன்றை இழந்தவரே.

இவ்விடத்தில் குஸ்கோ ஒரு பொறி வைக்கிறது. அங்கே பாதம் சக்கி. காய்ந்தது, தொண்டையை அடைத்துத் திறந்து வெடிப்பாகச் சொல்லும் இன்னொரு சகரத்தோடு வரும். பார்த்தவுடன் குஸ்கோவும் பழைய வேறுபாட்டைக் காத்திருக்கிறது என்றே தோன்றும். ஆனால் ஐந்து என்ற இலக்கத்தை எடுத்தால், *பிச்ஃகா என்பதில் காய்ந்ததில் இருக்கும் அதே பழைய *ச இருந்தும் குஸ்கோவில் அங்கே அந்த வெடிப்பு இல்லை. ஒரு சொல்லில் பொருந்துவது ஒப்புமையன்று, வரிசையாகப் பொருந்த வேண்டும். இந்த வெடிப்பொலிகளும் மூச்சொலிகளும் ஐமாரா மொழியோடு நெருங்கி வாழ்ந்ததால் குஸ்கோவுக்கு வந்தவை என்பது பலரின் கருத்து.

ஐமாரா என்றதும் வகைப்பாட்டின் கடினமான கேள்விக்கு வருகிறோம். திதிக்காக்கா ஏரியைச் சூழ வழங்கும் ஐமாராவும், லீமாவுக்குத் தென்கிழக்கே துப்பே ஊரில் வழங்கும் ஹகாருவும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் வேர்ச்சொற்களில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாதவை கெச்சுவாவோடு பொதுவானவை. மூன்று என்ற இலக்கம் இரண்டிலும் கிம்ஸா. நெருப்பு இரண்டிலும் நினா. இதைக் கண்டு இரண்டையும் ஒரே பெருங்குடும்பமாக்கிக் கெச்சுமாரா என்று பெயரிட்டவர்கள் இருந்தார்கள். இன்று பெரும்பாலானோர் இதை உறவாக அல்ல, நெடுங்கால அயல்வாழ்வாகவே கொள்கிறார்கள். காரணத்தை நிரலில் பார்க்கலாம். கண் கெச்சுவாவில் ஞாவி, ஐமாராவில் நய்ரா; கை மக்கி, அம்பரா; கல் ருமி, ஃகலா. ஒத்துவரும் சொற்கள் அச்சில் வார்த்தது போல ஒத்துவருகின்றன. ஒத்துவராதவை துளியும் ஒத்துவரவில்லை. உண்மையான உறவில் இப்படி நடப்பதில்லை. நமது பால் கன்னடத்தில் ஹாலு ஆனது போல, பழைய உறவுச் சொற்கள் ஒலிமாறி முகம் திரிந்தே கிடக்கும். பாணும் மேசையும் அலுமாரியும் தமிழிலும் சிங்களத்திலும் அப்படியே ஒத்திருப்பதை ஒவ்வொரு நாளும் கடையில் கேட்கும் நமக்கு இது விளங்காமல் போகாது. ஆகவே பொதுச் சொற்களை அழிக்காமல், வேறு நிறப் பேனையால் வட்டமிட்டு வையுங்கள். அவை உறவுக்குச் சான்றாகாவிட்டாலும் வரலாற்றுக்குச் சான்று.

கிளைகளைப் பிரிக்கும்போது ஒரே விதிதான்: பழையதைக் காத்தவர்களைச் சேர்க்காதீர்கள், புதியதைச் சேர்ந்து செய்தவர்களைச் சேருங்கள். றகரத்தைக் காத்ததற்காக எந்த இரண்டு ஊர்களும் உறவாகிவிட மாட்டா. இருவருமே பரம்பரைச் சொத்தை விற்காதிருந்தார்கள் என்பது மட்டுமே தெரியும். கெச்சுவாவில் முதற்கிளையையும் இரண்டாம் கிளையையும் பிரிக்கப் பயன்பட்ட முக்கிய அடையாளம் தன்மை ஒட்டு. என் வீடு என்பதை நடுப் பெருவில் இறுதி உயிரை நீட்டி வஸீ என்பார்கள். இரண்டாம் கிளையில் யகரத்தைச் சேர்த்து வஸிய் என்பார்கள். ஆனால் இதில் எது பழையது, எது புதியது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்திருக்கவில்லை என்பதால், இந்த அடையாளத்தின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. யாவ்யோஸ், பக்கராவோஸ் போன்ற இடைநிலப் பேச்சுகள் இரண்டு கிளைகளின் குணங்களையும் கலந்து காட்டுகின்றன. 1991 இல் பீட்டர் லேண்டர்மன் இந்த இருகிளைப் பிரிப்பையே விரிவாகக் கேள்விக்குட்படுத்தினார். மரம் வரையுங்கள், ஆனால் பென்சிலால் வரையுங்கள். அயலூர்க்காரர் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும் நிலத்தில் மாற்றங்கள் கொப்புக் கொப்பாக அல்ல, குளத்தில் கல் விழுந்த வட்டம் போலப் பரவும். ஒரு வட்டம் மற்றொன்றை வெட்டிக்கொண்டு போகும்.

வேலை சரியா என்று பார்ப்பதற்குப் பழைய நூல்கள் உதவும். 1560 இல் வய்யதோலித் நகரில் அச்சான தொமிங்கோ தே சாந்தோ தோமாஸின் இலக்கணமும் சொற்கோவையும் கெச்சுவாவின் முதல் அச்சுநூல்கள். 1608 இல் லீமாவில் தியேகோ கொன்சாலெஸ் ஓல்கினின் குஸ்கோ அகராதி வந்தது. இப்போது மேலே கணித்த *ஸரா, *ஷிமி இரண்டையும் அக்காலக் குஸ்கோ நூல்களில் தேடுங்கள். சோளத்தை அடியில் வாலிட்ட ஓர் எழுத்தாலும், வாயை வேறோர் எழுத்தாலும் தொடங்கியிருப்பார்கள்; ஆறு முதலாவது எழுத்தோடும், இரண்டு என்ற இலக்கம் இரண்டாவதோடும் போகும். அக்கால ஸ்பானியர் இரண்டையும் வேறு ஒலிகளாகவே உச்சரித்தவர்கள். இன்றைய குஸ்கோவாசியின் வாயில் ஒன்றாகிவிட்ட இரண்டு ஒலிகள், அன்காஷையும் எக்குவடோரையும் ஒப்பிட்டு நாம் கணித்த அதே சொற்களில், நானூறு ஆண்டுகளுக்கு முன் குஸ்கோவிலேயே பிரிந்து நின்றிருக்கின்றன. வாழை என்று எழுதிவிட்டு வாளை என்று வாசிக்கும் நமது வகுப்பில் இந்தப் பக்கத்தைக் காட்டும்போது விளக்கமே தேவைப்படுவதில்லை.

பயிற்சிக்கு நான்கு என்ற இலக்கத்தை விட்டுவைக்கிறேன். அயகூச்சோவிலும் குஸ்கோவிலும் தவா, அன்காஷில் சுஸ்கு. இரண்டு கிளைகளுக்கும் ஆளுக்கொரு சொல் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் எக்குவடோரைப் பாருங்கள்: இரண்டாம் கிளையில் இருந்தும் அங்கே சுஸ்குதான். தொலைவில் பிரிந்து கிடக்கும் இரண்டு கிளைகளிலும் ஒரே சொல் இருந்தால், அது மூலத்திலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம். தவா தெற்கில் பின்னர் வந்த புதுச்சொல். இன்காக்கள் தங்கள் பேரரசுக்கு வைத்துக்கொண்ட பெயர் தவன்தின்ஸுயு, ஒன்றாய்ச் சேர்ந்த நான்கு திசை நாடுகள். அந்தப் பெயரின் முதற்சொல்லே இந்தப் புதுச்சொல்தான்.